பிரசாதப் பொட்டலம், இரவுப் பணி, பெண் பார்க்கும் படலம்: வெளியூரில் வேலை பார்க்கும் கிறிஸ்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "சொந்த ஊர் நாசரேத் பக்கம். கோயில் மணி, வீட்டு ஜெபம், ஓய்வுநாள் பள்ளி என்று வளர்ந்தேன். இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் ஐடி வேலை. மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். ஆபீசில் ஆயுத பூஜை, வெள்ளிக்கிழமை பார்ட்டி. ஊரில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். எல்லாமே மாறிக்கொண்டிருக்கும்போது கிறிஸ்தவனாக உண்மையோடு இருப்பது எப்படி? பிரசங்கம் வேண்டாம், நடைமுறையில் சொல்லுங்கள்."

நடைமுறையிலேயே சொல்கிறேன். ஆனால் முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "உலகம் கெட்டுப்போச்சு" என்று எல்லாவற்றுக்கும் முகம் சுளிப்பவர்களும் சரி, "காலத்துக்கு ஏத்த மாதிரி இருக்க வேண்டியதுதான்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர்களும் சரி, எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று உட்கார்ந்து யோசித்ததே இல்லை. அந்த யோசனை முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். தட்டு கைக்கு வந்த பிறகு யோசித்தால் கூச்சமோ கோபமோதான் முடிவு செய்யும்.

இதற்கு வேதாகமத்தில் நல்ல பாடம் தானியேல் முதல் அதிகாரம். ஓய்வுநாள் பள்ளியில் நமக்குச் சொன்னது சிங்கக் கெபியைத்தான். உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது முதல் அதிகாரம். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தப் பையன்கள் எதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள் என்று கவனியுங்கள். கல்தேயர் மொழியையும் எழுத்தையும் 3 வருஷம் படித்தார்கள். அந்நிய அரசாங்க வேலையை ஏற்றார்கள். பாபிலோனியர் அவர்கள் பெயரையே மாற்றினார்கள், தானியேலுக்கு வைத்த பெல்தெஷாத்சார் என்ற பெயரில் அந்த ஊர்த் தெய்வத்தின் வாடை அடிக்கிறது. அதற்கும் அவன் சண்டை போட்டதாக இல்லை. ராஜாவின் போஜனம் என்று வந்தபோதுதான் நின்றான். அதையும் அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யவில்லை. முன்னமே இருதயத்தில் தீர்மானம் பண்ணிக்கொண்டான் என்கிறது 8ஆம் வசனம்.

மறுத்த விதமும் முக்கியம். முதலில் மேலதிகாரியிடம் போய் அனுமதி கேட்டான். அவர், "ராஜா பார்த்தால் என் தலை போய்விடும்" என்று பயந்தார். தானியேல் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த நிலையில் இருந்த விசாரணைக்காரரிடம் போய், "10 நாள் பரீட்சித்துப் பாருங்கள், காய்கறியும் தண்ணீரும் கொடுங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றான். மறுப்போடு மாற்று வழியும் வந்தது, அதற்கு ஒரு கெடுவும் இருந்தது, எதிராளியின் பயத்துக்கும் மரியாதை கிடைத்தது. ஆபீசில் "முடியாது" சொல்ல வேண்டிய எந்த இடத்துக்கும் இந்த அமைப்பு உதவும். ஞாயிறு காலை ஷிப்ட் போட்டால், "ஞாயிறு எனக்கு ஒத்துவராது" என்று மட்டும் மெயில் அனுப்பாதீர்கள். "ஞாயிறு காலை 7 முதல் 11 வரை மட்டும் விடுங்கள், தீபாவளி, பொங்கல் அன்று நான் ஷிப்ட் எடுக்கிறேன், ஒரு மாதம் பார்ப்போம்" என்று கேளுங்கள். பண்டிகை நாளில் ஆள் கிடைக்காமல் திண்டாடும் எந்த மேனேஜரும் இதைக் கொஞ்சமாவது யோசிப்பார்.

இனி ஆயுத பூஜை. கீபோர்டுக்குச் சந்தனப் பொட்டு, வாசலில் பூசணிக்காய், பிறகு ஒவ்வொரு மேஜைக்கும் பொரிகடலைப் பொட்டலம். இதில் சபைகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, அதற்குக் காரணமும் வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 15இல் எருசலேம் ஆலோசனைச் சங்கம் விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்கச் சொல்கிறது. வெளிப்படுத்தல் 2இல் அதே விஷயத்துக்காக இரண்டு சபைகளுக்குக் கடுமையான கண்டனம் வருகிறது. பவுலோ 1 கொரிந்தியர் 8இலும் 10இலும் இதைப் பிரித்துப் பிரித்துப் பேசுகிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு. அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டுப் போனால், வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு. "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. வழிபாட்டிலேயே பங்கெடுப்பதை அதே 10ஆம் அதிகாரம் தெளிவாகத் தடுக்கிறது.

இதை ஆபீஸ் நாளுக்குப் பொருத்தினால் என் கணக்கு இப்படி. இடத்தைச் சுத்தம் செய்வது, தோரணம் கட்ட ஏணி பிடிப்பது, டீமோடு மதியச் சாப்பாடு, குழுப் படம் எல்லாம் சரி. ஆரத்தி எடுப்பதும் தொட்டுக் கும்பிடுவதும் வழிபாடு, அதில் வேண்டாம். "பிரசாதம் எடுத்துக்கங்க" என்று சொல்லியே கொடுத்தால், பவுல் சொன்ன மூன்றாவது இடம் அது. சிரித்த முகத்தோடு, "நான் எடுத்துக்கறதில்லண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு உங்களோடதான் வர்றேன்" என்றால் போதும். விளக்கப் பிரசங்கம் தேவையில்லை. மிக மோசமானது, வாங்கிக்கொண்டு ஆள் போனதும் குப்பைத் தொட்டியில் போடுவது. கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டால் பத்து வருஷத்துக்கு உங்கள் சாட்சி அவ்வளவுதான். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: டிசம்பரில் நாம் ஜெபித்து வெட்டும் கேக்கை அதே அண்ணன் முகம் கோணாமல் வாங்கிச் சாப்பிடுகிறார்.

கம்பெனியின் பொறுப்பில் இருப்பவராகவே நீங்கள் விழாவில் நிற்க வேண்டி வந்தால் 2 இராஜாக்கள் 5ஐப் படியுங்கள். நாகமான் தன் ராஜாவோடு ரிம்மோன் கோவிலில் பணிய வேண்டியிருக்குமே என்று கலங்குகிறான். எலிசா அவனிடம், "சமாதானத்தோடே போ" என்கிறார். அது எல்லோருக்கும் பொது அனுமதி இல்லை, ஆனால் வேலையின் நிமித்தம் கலங்குகிறவனைத் தீர்க்கதரிசி எவ்வளவு மென்மையாக நடத்தினார் என்று தெரியும். வேறு முடிவு எடுத்திருக்கிற கிறிஸ்தவ நண்பரைப் பார்த்து "பின்மாற்றக்காரன்" என்று முத்திரை குத்த எந்த வசனமும் இடம் கொடுக்கவில்லை.

பார்ட்டி விஷயம் சுருக்கம். வேதம் வெறிகொள்ளுதலைத் தடுக்கிறது. நம் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும் மதுவையே தொடாதே என்று கற்பித்திருக்கின்றன. குடிப்பதில்லை என்று முதல் பார்ட்டியிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது பார்ட்டியில் சொல்வது கடினம். முதல் ஒரு மணி நேரம் இருந்து, சாப்பிட்டு, கிளம்புங்கள். எல்லோரும் கிளம்பும்வரை இருப்பதானால், குடித்தவர்களை வண்டி ஓட்டவிடாமல் வீடு சேர்ப்பதும் ஒரு ஊழியம்தான்.

வேத வாசிப்புக்கு வருவோம். இதில் தவறுவது பெரும்பாலும் கணக்குப் பிழையால்தான். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நம் பெரியவர்கள் சொன்ன வழி: தினம் 3, ஞாயிறு 5, வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1,196. கணக்கு சரி, ஆள்தான் நிற்பதில்லை. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90. ஜனவரி 1 தொடங்கினால் நான்காவது வாரக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். புதுவருஷ உற்சாகம் வடிவதும், தோல் நோய்ச் சட்டமும் பலி முறைகளும் வருவதும் ஒரே வாரத்தில். இரண்டு நாள் விடுபட்டால் 6 அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் 23. அந்தப் பாக்கியைப் பார்த்தே பலர் மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு நான் சொல்லும் திட்டம் வேறு. புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 1 என்றால் சரியாக 52 வாரம். சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க. ஒரு அதிகாரம் நிதானமாக வாசிக்க 5 முதல் 10 நிமிஷம் போதும். மத்தேயுவில் தொடங்காமல் மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், ஓட்டம் வேகம், மூன்று வாரத்தில் ஒரு புஸ்தகம் முடித்த தெம்பு வரும். அதோடு தினம் ஒரு சங்கீதம் சேர்த்தால் 150ம் ஐந்து மாதத்தில் முடியும். தினம் 5 என்று மாதத்துக்கு ஒருமுறை முடிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு 24ஆம் தேதி 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதம் காத்திருக்கும், அதைத் தெரிந்துகொண்டு அன்றைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். பழைய ஏற்பாட்டை இரண்டாம் வருஷம் இரண்டு வருஷத் திட்டமாக எடுங்கள்.

"காலைத் தியானம்" என்ற பழக்கம் இரவு ஷிப்டில் உடைந்துபோவது இயல்பு. அதிகாலை 4 மணிக்கு வந்து படுப்பவர் 5 மணிக்கு எழுந்து ஜெபிக்க முடியாமல் குற்றவுணர்ச்சியில் வாடுவதில் அர்த்தமில்லை. 55ஆம் சங்கீதம் அந்தி, சந்தி, மத்தியானம் மூன்றையும் சொல்கிறது. கடிகாரத்தை விட்டுவிட்டு ஒரு செயலோடு கட்டுங்கள்: எழுந்து பல் துலக்கி, காபி போடும் முன். எந்த ஷிப்டிலும் அந்த நேரம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, அதுவரை போனின் டேட்டா அணைந்திருக்க வேண்டும். போனில் வேதாகமம் வாசிக்கலாம் என்று ஆரம்பிப்பவரை நாலாவது வசனத்தில் ஆபீஸ் மெசேஜ் இழுத்துக்கொண்டு போகும். அச்சடித்த புத்தகம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

ஜெபத்துக்கு 10 நிமிஷம் வைத்தால், கர்த்தருடைய ஜெபமே சட்டகம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நின்று, அதற்குரிய உங்கள் காரியத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் டீம் லீட் பெயர் வரும், வரட்டும். மற்றவர்களுக்காக ஜெபிக்க ஒரு நோட்டு, கிழமைவாரியாகப் பெயர்கள். "ஜெபித்துக்கொள்கிறேன்" என்று ஒருவரிடம் சொன்ன அன்றே பெயரை எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடுகிறது. கிறிஸ்தவர்கள் அதிகமாகச் சொல்லும் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

உபவாசம் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நல்ல பழக்கம், ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், சாப்பாட்டை மட்டும் விட்டு மருந்தை எப்போதும்போல் எடுத்தால், இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இரவெல்லாம் விழித்து வேலை செய்தவர்களுக்கும் போனையோ திரையையோ ஒரு நாள் விடுவது தகுந்த உபவாசம்.

அறையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருந்தால், அல்லது நாளை குடும்பமானால், கூட்டு ஜெபத்துக்கு 15 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும், 10 முதல் 15 வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம். இது குடும்பங்களில் கெட்டுப்போவது நீளத்தால் மட்டும் இல்லை. பிள்ளையைத் திட்ட வேண்டியதை அப்பா ஜெபத்துக்குள் நுழைத்துவிடுவார்: "ஆண்டவரே, எந்நேரமும் போனையே பார்த்துக்கிட்டு இருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்." பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிறது, பதில் சொல்ல முடியாது, ஆமென் வேறு சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்தவர்கள் ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரத்திலேயே ஜெபத்தை விடுவதில் என்ன ஆச்சரியம்? திட்ட வேண்டியதைச் சாப்பாட்டு மேஜையில் திட்டுங்கள்.

வீட்டுக் கூட்டம் நடத்தினால் பக்கத்து வீட்டையும் எண்ண வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. குடியிருப்புப் பகுதியில் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60. எட்டுப் பேர் கூடும் அறைக்கு மைக் எதற்கு?

சபை. ஆன்லைன் ஆராதனை 2020இல் நம்மைக் காப்பாற்றியது உண்மை. இன்று அதையே பழக்கமாக்கிக்கொண்ட வெளியூர் இளைஞர்கள் நிறையப் பேர். அதில் கிடைக்காதவை மூன்று: திருவிருந்து, உங்கள் முகத்தைப் பார்த்து "என்னப்பா, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்கும் ஒரு வயதான ஆள், நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை. காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி கொண்டுவருவது யூடியூப் சேனல் இல்லை. ஆகவே பிரசங்கம் எங்கே பிரமாதம் என்று தேடாமல், அறையிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய சபையைத் தேடுங்கள். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து பெரிய சபைக்குப் போகிறவர்கள் இரண்டாவது மழைக்காலத்தில் நின்றுவிடுகிறார்கள். சென்னையில் பல சபைகளில் ஞாயிறு அதிகாலை, காலை, மாலை என்று ஆராதனைகள் உண்டு. ஷிப்டுக்கு ஏற்றதை எடுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமைக்குச் சமம், திருச்சபைச் சட்டமே அதைச் சொல்கிறது.

மூன்று சபைகளை, ஒவ்வொன்றிலும் நான்கு ஞாயிறு பாருங்கள். பிறகு ஒன்றில் நில்லுங்கள். ஊர்ச் சபைக் குருவானவரிடம் கடிதம் வாங்கிப் புதிய சபையில் கொடுத்து அங்கத்தினராகுங்கள். பார்வையாளராகவே ஐந்து வருஷம் ஓட்டுவது வசதி, ஆனால் யாருக்கும் உங்களைத் தெரியாது. பாடகர் குழு வேண்டாம் என்றால் நாற்காலி அடுக்குங்கள், ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு எடுங்கள்.

சபையைத் தேர்வதில் எச்சரிக்கை மணிகளும் உண்டு. வரவு செலவுக் கணக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது சபைக்கு முன் வாசிக்கப்படுகிறதா? போதகரைக் கேள்வி கேட்க ஒரு குழு இருக்கிறதா? கேள்வி கேட்டவுடன் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வசனம் பறக்கிறதா? 105ஆம் சங்கீதத்தின் அந்த வரி, அலைந்து திரிந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாமல் தேவன் காத்ததைப் பற்றியது. ரசீது கேட்பதைத் தடுக்கும் வரி அல்ல. பவுல் பேசியதையே பெரோயா பட்டணத்தார் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17.

காணிக்கை இங்கேயே வந்துவிடுகிறது. கைக்கு 52,000 ரூபாய் வந்தால் தசமபாகம் 5,200. பி.எப். பிடித்தம் போக வருவதில் கொடுப்பதா, மொத்தச் சம்பளத்திலா என்ற சண்டைக்கு முடிவு எளிது: கைக்கு வருவதில் கொடுங்கள், பி.எப். பணம் கைக்கு வரும் அன்று அதிலும் கொடுங்கள். சம்பளம் ஏறிய அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. பாதியை நீங்கள் ஆராதிக்கும் சபைக்கும், கால்பங்கை ஊழியங்களுக்கும், கால்பங்கைக் கண்முன் கஷ்டப்படுகிறவர்களுக்கும் என்று பிரிப்பது ஒரு நல்ல ஆரம்பம். இது கட்டளை அல்ல. பாளையங்கோட்டையில் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் நம் ஆட்களின் காணிக்கையை நம்பித் தொடங்கியது. சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் பக்கத்து அம்மாமார்களுக்கு இருந்தது. கொடுக்கச் சம்பளம் உயர வேண்டியதில்லை.

தவறு நடக்கும் இடங்கள்: அப்பா அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதை நிறுத்தி ஊழியத்துக்குக் கொடுப்பது. மாற்கு 7இல் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தது இதைத்தான். கிரெடிட் கார்டில் கடன் வாங்கிக் காணிக்கை போடுவதும் வேண்டாம், அது கடன் கொடுத்தவர் பணம். "1,000 விதைத்தால் 1,00,000 அறுப்பாய்" என்று கியூஆர் கோடு காட்டுகிறவருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். பவுல் காணிக்கைப் பணத்தை எருசலேமுக்குக் கொண்டுபோகும்போது, ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று, சபைகள் நியமித்த ஆட்களைக் கூடவே வைத்துக்கொண்டார், 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்கும் ஊழியத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

வேலையிலும் பத்திரத்திலும் உண்மை என்பது ஞாயிற்றுக்கிழமையைவிடக் கடினம். யோவான் ஸ்நானன், வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார். அதே அளவுகோலில் போலி அனுபவச் சான்றிதழ், போகாத டாக்ஸிக்கு பில், செய்யாத மணி நேரத்தை டைம்ஷீட்டில் ஏற்றுவது எல்லாம் அடிபடும்.

நீங்கள் சீக்கிரம் சந்திக்கப்போவது வீடு அல்லது மனை வாங்கும் நாள். "வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மிச்சம் ரொக்கமாத் தாங்க" என்று விற்பவர் சொல்வார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்ட விற்பவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். உங்களுக்கும் நஷ்டம்: வங்கிக் கடன் பத்திர மதிப்பை ஒட்டித்தான் கிடைக்கும், பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருப்பதால் மூலதன ஆதாய வரி கூடும். ஆகவே தேடத் தொடங்கும்போதே புரோக்கரிடம், "முழுத் தொகையும் வங்கி வழிதான், அதுக்கு ஒத்துக்கிறவங்களை மட்டும் காட்டுங்க" என்று சொல்லுங்கள். பட்டியல் பாதியாகக் குறையும், சில மாதம் கூடுதலாகும். அந்தக் காலதாமதத்தையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உண்மையாக இருப்பதற்குச் செலவு உண்டு, அதை மறைத்துப் பிரசங்கிப்பவர்கள் ஆட்களை ஏமாற்றுகிறார்கள்.

லஞ்சத்துக்கும் இதே கதை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொன்னால் பாதுகாப்பு உண்டு. கடைசி நாளில் போனால் யாருக்கும் லஞ்சம் கொடுக்கத் தோன்றும். முன்னதாக விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்; அதற்கு 30 நாளில் பதில் தர வேண்டும்.

வாட்ஸ்அப் பற்றிக் கொஞ்சம். பொய்ச்சாட்சிக் கட்டளை பார்வர்ட் பொத்தானுக்கும் பொருந்தும். "அங்கே சபையை எரித்துவிட்டார்கள்" என்ற படம் வந்தால் தேதி, இடம், செய்தித்தாள் பெயர் மூன்றும் இல்லாமல் அனுப்பாதீர்கள். பழைய படத்தை இன்றைய கலவரத்துக்கு ஒட்டுவது வாடிக்கை. ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் கர்ப்பப்பை அறிக்கை ஐந்து குரூப்களில் சுற்றுவதையும் பார்க்கிறோம். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் நோயின் பெயரைப் போடக் கூடாது. கிறிஸ்துவின் இரண்டாம் வருகையின் தேதி சொல்பவர்களை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22 என்றார்கள், ஹரோல்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். இரண்டு நாளும் சாதாரணமாக விடிந்தன, சொத்தை விற்றவர்கள்தான் தெருவில் நின்றார்கள். பார்கோடு, ஆதார், தடுப்பூசி என்று ஒவ்வொன்றாக, வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் எண்ணான 666 ஆக்கப்பட்டதும் இந்த வகைதான். சாட்ஜிபிடியிடம் வசனம் கேட்டால், அது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் நடையில், இல்லாத வசனத்தையும் அழகாகச் சொல்லும். எண்ணைப் பார்த்து வேதாகமத்தில் சரிபார்க்காமல் எங்கும் போடாதீர்கள்.

கடைசியாகப் பெண் பார்ப்பது. உலகம் மாறுவதால் விசுவாசம் கெடுகிறது என்று பேசும் பெரியவர்கள் பலர், மாற வேண்டிய ஒன்றை மட்டும் மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "சி.எஸ்.ஐ., விசுவாசமுள்ள குடும்பம், இரட்சிக்கப்பட்ட பெண்" என்று எழுதி, அடுத்த வரியில் சாதிப் பெயரையும் எழுதும் மணமகள் தேவை விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சபைக்குள் சாதியை உடனே, முடிவாக விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியது 1833இல். அதற்காகத் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளந்தன. இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆயுத பூஜைப் பொரியை மறுக்கும் வீடு, சாதி பார்த்துச் சம்பந்தம் பேசினால், அந்தப் பொரி மறுப்புக்கு என்ன மதிப்பு?

உங்கள் கையில் இருப்பது இது. ஜாதகம் இல்லை என்று பெருமைப்படும் நம் வீடுகளில் பேச்சு முற்றிய பிறகு சாதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அப்போது அம்மாவின் கண்ணீர்தான் ஜெயிக்கும். இப்போதே, ஒரு பெண்ணின் பெயரும் வருவதற்கு முன், ஊருக்கு நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள், போனில் வேண்டாம். "அப்பா, கர்த்தருக்குள் இருக்கிற பெண்ணாக இருக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை. சாதி கேட்க மாட்டேன், நீங்களும் விளம்பரத்துல போட வேண்டாம். நகை, ரொக்கம், கார் எதுவும் கேட்கக் கூடாது, அவங்களா கொடுத்தாலும் வேண்டாம்." 1 கொரிந்தியர் 7 வைக்கும் நிபந்தனை கர்த்தருக்குள் என்பது மட்டும்தான். வரதட்சணை 1961 சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்பதையும் சொல்லிவையுங்கள். "பிள்ளைக்கு அன்பளிப்பு" என்ற பெயரில் வருவதுதான் வழக்கமான ஓட்டை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது உங்க இஷ்டம், எண்ணிக்கை எங்க காதுக்கு வர வேண்டாம்" என்று அப்பா வாயால் சொன்னால்தான் அடைபடும்.

அப்பா உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆறு மாதம் கொடுங்கள், கோபப்படாமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர் மதிக்கும் ஒருவரை, ஊர்க் குருவானவரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ யாராவது, பேச வையுங்கள். முடிவானதும், ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மணமகன் சபையிலும் மணமகள் சபையிலும் வாசிப்பதால், நீங்கள் சென்னைச் சபையில் அங்கத்தினரானால் அங்கேயும் சொல்ல வேண்டிவரும். ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களை ஊரிலிருந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவேட்டில் தேடி எடுக்க நாளாகும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது குருவானவரைப் பாருங்கள், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பல சபைகளில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் காலண்டரில் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் எப்போது என்று பார்த்துவிடுங்கள், அது ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் வரும்.